விளையாட்டுத் திடல் ஓர் அமானிதம்

பேஸ்பால் அமெரிக்க மக்களின் ஆட்டம். நம் ஊர்களில் அதனைக் கண்ணாற் கண்டவர் மிகச் சிலரே. கிரிக்கெட்டைப் போன்றே இதிலும் ஒருவர் பந்தை எறிய, மற்றொருவர் மட்டையால் அடிக்கிறார். ஆனால் இங்கே விக்கெட் கிடையாது. பந்து நிலத்தில் பட்டு எழ வேண்டும் என்பதும் கிடையாது. அடித்தவர் சதுரமாய் அமைந்த நான்கு முனைகளையும் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். அம்முனைகளைத்தான் 'பேஸ்' என்கின்றனர். சிறுவர் ஆட்டத்தில் ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் இடையே 60 அடி. எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 46 அடி. பெரியவர் ஆட்டத்தில் முனைகளுக்கு இடையே 90 அடி. இக்கட்டுரையைப் படிக்க இவ்வளவு தெரிந்தாற் போதும். ஏனைய நுட்பங்களை என் மகன் எனக்குக் கற்பித்து முடிக்க இரண்டாண்டுகள் ஆயின.

நியூ ஜெர்சி மாநிலத்தில் நாங்கள் வாழும் சிறு நகரத்தில், சிறுவர் பேஸ்பால் சங்கம் ஒன்று ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக நடந்து வருகிறது. 2015-ஆம் ஆண்டில் என் மகனை அதில் சேர்த்தேன். 2017-இல் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. வேறு எவரும் ஏற்க முன்வராததே காரணம். திறமை கண்டு அழைத்தார்கள் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய வாப்பா அவர்கள், "அந்த நாட்டுப் பந்தாட்டத்துக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று என் மனைவியிடம் கேட்டார்கள். வாப்பா காயல்பட்டினத்தில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கால்பந்துப் போட்டியை ஆண்டு தவறாமல் பார்த்து வளர்ந்தவர்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திடலும், அதனைக் கவனிக்க நாலு பெரியவர்களும் வேண்டும் என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் நேரவில்லை. "அப்படியானால் சரி, கணக்கை ஒழுங்காக எழுதி வைக்கச் சொல்" என்றார்கள். பின்னாளில் அந்தச் சொல் எனக்கு வேறு பொருளில் விளங்கியது.

சங்கத்தின் வேலை பனிக்காலத்திலேயே தொடங்கிவிடும். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும் சனவரி மாதத்தில், பள்ளிக்கூடத்து உணவறையில் மேசை போட்டு அமர்ந்து பிள்ளைகளின் பெயரைப் பதிவு செய்வோம். கட்டணம் செலுத்த இயலாத குடும்பத்துப் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. யார் செலுத்தினார், யார் செலுத்தவில்லை என்பது பொருளாளரைத் தவிர எவருக்கும் தெரியாது. மீதிச் செலவை ஊர்க் கடைக்காரர்கள் ஏற்கின்றனர். அவர்கள் கடையின் பெயர் பிள்ளைகளின் சட்டை முதுகில் இருக்கும். ஹலால் இறைச்சிக் கடை ஒன்றின் பெயரைத் தாங்கிய அணியில் யூதப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஆடினர். சவ அடக்கம் செய்து தரும் நிறுவனம் ஒன்று பல்லாண்டுகளாக ஓர் அணிக்குச் சட்டை வழங்கி வருகிறது. எட்டு வயதுச் சிறுவர்கள் அந்தப் பெயரை முதுகில் ஏந்தித் துள்ளி ஓடுவதைக் கண்டு முதலாண்டில் திடுக்கிட்டேன், இப்போது பழகிவிட்டது. மதுக்கடைப் பணத்தை வாங்குவதில்லை என்னும் விதி நான் சேர்வதற்கு முன்பே இருந்தது. அதனை எழுதியவர்கள் முஸ்லிம்கள் அல்லர்.

பயிற்சி அளிப்போர் அனைவரும் ஊதியம் பெறாத பெற்றோரே. குழந்தைகளோடு பழகும் ஒவ்வொருவரின் பின்னணியையும் ஆண்டுதோறும் விசாரித்து அறிந்த பின்னரே திடலுக்குள் விட வேண்டும். இதில் தாட்சண்யத்துக்கு இடமில்லை. அடுத்தது பந்தெறிக் கணக்கு. வளரும் பிள்ளையின் முழங்கையில் எலும்பு இன்னும் முற்றாமல் இருக்கும். அளவு மீறி வேகமாக எறிந்தால் அவ்விடத்து எலும்பும் தசைநாரும் பழுதுபடும். ஆகவே, லிட்டில் லீக் என்னும் தலைமை அமைப்பு 2007-ஆம் ஆண்டு முதல் எறிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டியது. 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 எறிகளுக்கு மேல் எறியலாகாது. 66-ஐத் தொட்டுவிட்டால் நான்கு நாள்கள் ஓய்வு. ஒவ்வோர் எறியையும் எண்ணி ஒருவர் குறித்துக்கொண்டே இருப்பார். வெற்றி கைக்கெட்டும் நேரத்தில் "இன்னும் ஐந்தே எறி" என்று கெஞ்சுபவர் பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் சொந்தத் தந்தையாகவே இருப்பார். பெற்ற பாசத்திற்கும் பிள்ளையின் நலத்திற்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கக் கூடும் என்பதை நான் அந்தத் திடலில்தான் கண்டேன்.

2018-இல் ரமளான் மே மாத நடுவில் தொடங்கி, ஆட்டப் பருவத்தோடு முழுமையாகக் கலந்து வந்தது. சூரியன் மறைய எட்டரை மணி ஆகும் காலம். எங்கள் அணிகளில் நோன்பு வைத்த பிள்ளைகள் நால்வர். அவர்களை வெயிலில் ஓடவிடலாமா என்று பயிற்சியாளர்கள் அஞ்சினர். பெற்றோரைக் கூட்டிப் பேசி, அவர்களுக்குரிய ஆட்டங்களை இயன்றவரை கடைசி வேளைக்கு மாற்றினோம். பிள்ளை களைத்தால் உடனே அமர வைப்பது என்றும், உடல்நலம் தாளாதபோது நோன்பை விடுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்றும் பெற்றோரே எடுத்துச் சொன்னார்கள். மஃரிபு நேரம் நெருங்கிய ஓர் ஆட்டத்தில் நடுவர் இரண்டு நிமிடம் ஆட்டத்தை நிறுத்தினார். அணியின் மரப்பலகையில் ஒரு பேரீத்தம்பழப் பெட்டி கை மாறிச் சென்றது. நோன்பில்லாத பிள்ளைகள்தாம் அதிகம் தின்றார்கள்.

இவ்வாட்டத்தின் சிறுவர் அமைப்பு எல்லாருக்கும் கதவு திறந்து வைத்துப் பிறந்ததாக எண்ணிவிட வேண்டாம். 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் லிட்டில் லீக்கைத் தொடங்கினார். 1955-இல் தென் கரோலினா மாநிலத்துச் சார்லஸ்டன் நகரிலிருந்து கறுப்பினச் சிறுவர்களின் அணி ஒன்று மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது. கேனன் வீதி அணி என்று அதற்குப் பெயர். அவர்களோடு ஆட மாட்டோம் என்று வெள்ளையர் அணிகள் அனைத்தும் விலகிக்கொண்டன. ஆடாமலே வென்றவர்கள் மேல்போட்டிக்குச் செல்ல விதியில்லை என்று கூறி, அச்சிறுவர்களுக்கு இறுதிப் போட்டியில் இடம் மறுக்கப்பட்டது. ஆயினும் வில்லியம்ஸ்போர்ட்டுக்குப் பார்வையாளராக வரவழைத்தார்கள். 11, 12 வயதுப் பிள்ளைகள் சீருடை அணிந்து அமர்ந்து, மற்றவர் ஆடுவதைப் பார்த்திருந்தனர். அவர்களை ஆட விடுங்கள் என்று கூட்டத்தினர் குரல் எழுப்பியும் பயனில்லை. விலகிய வெள்ளையர் தமக்கெனத் தனி அமைப்பையே தொடங்கிக்கொண்டனர்.

பெண் பிள்ளைகளின் கதை எங்கள் மாநிலத்திலேயே நிகழ்ந்தது. 1972-இல் ஹோபோக்கன் நகரில் மரியா பெப்பி என்னும் சிறுமி மூன்று ஆட்டங்கள் ஆடினாள். அவளை நீக்காவிட்டால் அந்த ஊர்ச் சங்கத்தின் அங்கீகாரமே போய்விடும் என்று மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்தது, அவள் விலக்கப்பட்டாள். வழக்கு நடந்தது. 1973-இல் நியூ ஜெர்சியின் குடியுரிமை விசாரணை அதிகாரி சில்வியா பிரஸ்லர் சிறுமிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1974-இல் நாடெங்கும் கதவு திறந்தது. அதற்குள் மரியாவுக்கு வயது கடந்துவிட்டது. என் மகள் தலைத்துணியின் மேல் தலைக்கவசம் அணிந்து மட்டை பிடித்தபோது எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால், யாரோ ஒரு சிறுமி அதற்கு முன்பே விலை கொடுத்திருக்கிறாள்.

இனித் திடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நகரில் இரண்டு திடல்கள். அவற்றைப் பேணி வந்தவர் இத்தாலிய வழிவந்த ஒரு முதியவர். கட்டட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேஸ்பால் திடலின் உட்பகுதியில் புல் இராது. களிமண்ணும் மணலும் அளவோடு கலந்த மண் இருக்கும். களிமண் மிகுந்தால் மழைக்குப் பின் சேறு. மணல் மிகுந்தால் ஓடும் காலுக்குப் பிடிப்பு இல்லை. ஆட்டம் முடிந்ததும் இரும்பு வலையை இழுத்து மண்ணைச் சமன் செய்ய வேண்டும். மழைநீர் தேங்கினால் துடைப்பத்தால் புல்வெளிக்குத் தள்ளிவிடுவது பலரது வழக்கம். பெரியவர் அதனைக் கண்டால் சீறுவார். நீரோடு நல்ல மண்ணும் போய்ப் புல்லோரத்தில் வரப்பாகச் சேர்ந்துவிடும். அடுத்த மழைக்கு அந்த வரப்பே அணை போல நின்று நீரை வடிய விடாது என்பார். கடற்பஞ்சால் ஒற்றி எடுத்து வாளியில் பிழிய வேண்டும் என்பது அவர் கட்டளை. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் கணினிப் பொறியாளர்களுமாகிய நாங்கள் காலை ஆறு மணிக்கு மண்டியிட்டு நீரை ஒற்றிக்கொண்டிருப்போம்.

2019-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், நகர அலுவலகங்களுக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று நகர்மன்றத்தில் ஒரு திட்டம் எழுந்தது. எங்கள் பெரிய திடலின் ஒரு பகுதியையும், அதனை அடுத்துள்ள மூலை நிலத்தையும் எடுத்துத் தார் போடுவது என்பது திட்டம். அம்மூலையில்தான் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் கம்பின் மேல் வைத்த பந்தை அடித்துப் பழகுவார்கள். பருவம் முடிந்த பின் வேறு இடம் தேடித் தருவோம் என்று மன்றத்தார் இனிமையாகவே பேசினர். எந்த இடம் என்று கேட்டதற்கு மட்டும் விடை இல்லை.

இந்த மாநிலத்தில்தான் பேஸ்பாலின் பழம்பெரும் திடல் இருந்தது. ஹோபோக்கனில் 'எலீசியன் ஃபீல்ட்ஸ்' என்னும் அப்புல்வெளியில் 1846 சூன் 19 அன்று நடந்த ஆட்டத்தை, எழுதப்பட்ட விதிகளின்படி நடந்த தொடக்க கால ஆட்டங்களுள் முதன்மையானதாகப் போற்றுகின்றனர். நிக்கர்பாக்கர் சங்கத்தாரை எதிரணி 23-க்கு 1 என வென்றது. அந்தத் திடல் இன்று இல்லை. வீதிகளும் வீடுகளும் வந்தன. பிற்காலத்தில் ஒரு காப்பித்தூள் தொழிற்சாலையும் வந்தது. இப்போது அங்கே இருப்பது ஒரு நினைவுப் பலகை. ஒரு நாடு தன் தேசிய ஆட்டத்தின் தொட்டிலையே காத்துக்கொள்ளவில்லை என்றால், நாற்பது வண்டிகளுக்கு முன் எங்கள் திடல் எம்மாத்திரம்!

பெற்றோர் சிலர் கையெழுத்து வேட்டையில் இறங்கினர். அது வேண்டியதுதான். ஆனால் கையெழுத்துகளை மன்றத்தார் நன்றி கூறிப் பெற்றுக்கொண்டு மேசைக்குள் வைத்துவிடக் கூடும். வாப்பா கணக்கை எழுதி வைக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த நிலத்தைப் பற்றி யாராவது எங்காவது எதையாவது எழுதி வைத்திருக்க மாட்டார்களா என்று தேடத் தொடங்கினேன்.

நியூ ஜெர்சியில் 'கிரீன் ஏக்கர்ஸ்' என்னும் அரசுத் திட்டம் 1961 முதல் நடைபெறுகிறது. பூங்காவும் திறந்தவெளியும் வாங்க ஊராட்சிகளுக்கு மாநிலம் பணம் தருகிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பணம் பெறும் நாளில், அந்த ஊர் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் என வைத்திருக்கும் நிலங்கள் அனைத்தையும் ஒரு பட்டியலாக எழுதித் தர வேண்டும். பணம் எந்தப் பூங்காவுக்காகப் பெறப்பட்டதோ அதற்கு மட்டுமன்று, பட்டியலில் உள்ள எல்லா நிலத்துக்கும் கட்டு விழுந்துவிடும். பிறகு அவற்றில் ஒரு துண்டையேனும் வேறு பயனுக்குத் திருப்ப வேண்டுமானால் மக்கள் முன்னிலையில் விசாரணை நடக்க வேண்டும். ஈடு செய்ய வேண்டும். மாநிலச் சுற்றுச்சூழல் துறைத் தலைவரின் இசைவும், அதற்கு மேல் மாநில ஆணையம் ஒன்றின் இசைவும் வேண்டும். நடுவண் அரசும் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தான் பணம் கொடுத்த பூங்காக்களுக்கு இத்தகைய கட்டு விதித்துள்ளது.

பொது ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமைச் சட்டத்தின்படி நகர எழுத்தரிடம் விண்ணப்பம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் தாள்கள் வந்தன. ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றுக்காக 1980-களில் எங்கள் நகரம் அத்திட்டத்தில் பணம் பெற்றிருந்தது. அப்போது ஒரு குமாஸ்தா தட்டச்சு இயந்திரத்தில் அடித்த பட்டியலின் இரண்டாம் பக்கத்தில், எங்கள் பெரிய திடலின் மனை எண் இருந்தது. அந்தக் குமாஸ்தா யார் என்று எனக்குத் தெரியாது. அன்று அவர் அந்த வரியைச் சோம்பலால் விட்டிருந்தால், இன்று அது தார்த்தளம்.

இந்தப் பட்டியலைப் பார்த்த இரவில் எனக்கு ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நிலத்தின் முதலை அப்படியே நிறுத்தி, அதன் பலனைத் தருமம் செய்யலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாக வழங்கப்படாது, வாரிசுகளுக்கும் போகாது என்ற நிபந்தனையோடு அவர்கள் அதனை அறமாக்கினார்கள். நம் வக்ஃபு முறைக்கு அது ஆதாரம். கிரீன் ஏக்கர்ஸ் சட்டம் வக்ஃபு அன்று; மாநிலம் இசைந்தால் கட்டை அவிழ்க்கலாம். ஆயினும் இன்னும் பிறவாத பிள்ளைகளுக்காக ஒரு நிலத்தின் கையைக் கட்டி வைக்கும் எண்ணம் இரண்டிலும் ஒன்றே. நம் நாட்டில் எத்தனை வக்ஃபு நிலங்கள் முத்தவல்லியின் வாய்ச்சொல்லையும் ஊரார் நினைவையும் மட்டுமே நம்பி இருந்து, பிறகு இல்லாமற் போயின! 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்த பின், நெடுங்காலப் பயன்பாட்டை மட்டுமே சான்றாகக் கொண்ட நிலங்களைப் பற்றி ஜமாஅத்துகள் கவலையோடு பேசுவதைக் கேட்கும்போதெல்லாம், அந்தத் தட்டச்சுத் தாள் என் கண்முன் நிற்கிறது.

நகர்மன்றக் கூட்டத்தில் பொதுமக்களுக்குத் தலைக்கு மூன்று நிமிடம். பிள்ளைகள் சீருடையோடு வந்து சுவரோரம் நின்றார்கள். மண் காக்கும் முதியவர் முதலில் பேசினார். அவர் கோபத்தில் இரண்டு நிமிடங்கள் போயின. நான் மனை எண்ணையும் பட்டியலின் பக்க எண்ணையும் வாசித்தேன், வேறொன்றும் சொல்லவில்லை. மன்றத்தின் வழக்கறிஞர் தாளை வாங்கிப் பார்த்தார். தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தீர்மானம் அன்று வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை. அடுத்த மாதத்தில் பெரிய திடல் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

மூலை நிலம் நீக்கப்படவில்லை. பணம் பெற்ற ஆண்டுக்குப் பின் நகரம் வாங்கிய நிலம் அது. பொதுப் பயன் என்று மட்டுமே பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது. குழந்தைகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஆடினர் என்பது எந்தத் தாளிலும் இல்லை. அந்த இலையுதிர் காலத்திலேயே அங்கே தார் போடப்பட்டது. ஒரு வேளை நாங்கள் இன்னும் உரக்கப் பேசியிருந்தாலும் முடிவு மாறியிராது என்றே நம்புகிறேன். பெரிய திடலைக் காத்தது எங்கள் குரல் அன்று.

முதியவர் 2022-இல் காலமானார். அவர் வாளிகளும் கடற்பஞ்சுகளும் சங்கத்தின் கொட்டகையில் இருக்கின்றன. வசதியுள்ள பெற்றோர் சிலர் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து, ஊர் ஊராகச் சென்று ஆடும் தனியார் அணிகளில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகின்றனர். அது அவர்கள் விருப்பம். எனினும், அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஆடக் கிடைத்த ஒரே இடத்தையும் காசுள்ளவர் தனியாகப் பிரித்துக்கொண்டு போவது எனக்கு உவப்பாயில்லை. நூலகத்தின் பின்புறத்து நிலத்தையும், இரண்டாம் திடலோடு சேர்ந்த சரிவையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் கொடுத்த விண்ணப்பம் நகர்மன்றத்தின் பார்வையில் உள்ளது. மாதந்தோறும் அதன் நிலையைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலைத் தேதியிட்டு வைக்கிறேன்.

ஐந்து வயதுக் குழந்தைகள் இப்போது தொடக்கப் பள்ளியின் முன்புறப் புல்வெளியில் ஆடுகிறார்கள். அங்கிருந்து வீதி மிக அருகில். பந்து வீதிக்கு ஓடாமலிருக்க ஒரு வலை கட்ட வேண்டும். விலைப்பட்டியல் இரண்டு வந்துள்ளன. மூன்று வேண்டும் என்பது சங்க விதி. மூன்றாவதற்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.